சோளகக் காலத்தில் ஓய்வுக்கு ஒரு தீவு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். விடுமுறைக்கு எந்தத் தீவு நல்லது என்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் எழுதுகிறவர்கள் பல தீவுகளைப் பார்த்தவர்கள். நான் மன்னார்த் தீவில் பிறந்து அதே தீவில் வாழ்க்கைப்பட்டவள். ஆனாலும் ஒரேயொரு தடவை ஓய்வுக்கென்று ஒரு தீவைத் தெரிவுசெய்தேன். பிழையாகத் தெரிவுசெய்தேன். அதை மட்டும் சொல்கிறேன்.

என் கணவர் கடல்தொழில் செய்கிறவர். அவருக்குக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்தார்கள். பன்னிரண்டாம் நாளே யாருடையதோ படகைத் தள்ளப் போய்த் தையல் பிரிந்துவிட்டது. இரண்டாம் தடவை தைத்து வீட்டுக்கு விடும்போது டொக்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அம்மா, இனியும் பிரிஞ்சா என்னால ஒண்டும் சொல்லேலாது. ஒரு மாதத்துக்கு இவர் ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக்கூடாது."

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கடற்கரைக்குக் கேட்கும். படகு கரையேறும்போது அங்கே நிற்கிற ஆம்பிளை யாராக இருந்தாலும் கை வைத்துத் தள்ள வேண்டும். படகுக்காரனோடு கதை பேச்சு இல்லாதவனும் வைப்பான். சும்மா பார்த்துக்கொண்டு நின்றவனைப் பற்றி வருடக்கணக்காகக் கதைப்பார்கள். இவரோ வாசல் படலையடிக்குப் போவார், வருவார், மறுபடியும் போவார். நான் உலையை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன். சோறு எத்தனை நாள் குழைந்தது என்று எனக்கே தெரியாது.

முருங்கனில் கட்டிக்கொடுத்த மகள்தான் சொன்னாள்: "ரெண்டு பேரும் எங்கையாவது போய் இருங்கோவன் அம்மா. சனமெல்லாம் ஓய்வுக்குத் தீவுக்குத்தான் போகுது."

பக்கத்து வீட்டுப் பெடியன் மாலைதீவில் ஒரு ஹொட்டேலில் வேலை. அவன் அனுப்பிய படங்களைப் போனில் காட்டினேன். தண்ணீருக்கு மேலேயே கட்டில் போட்ட அறை. இவர் கனநேரம் பார்த்துவிட்டு, "இதில ஆர் மீன் பிடிக்கிறது?" என்று கேட்டார். காசுக்கும் அது சரிவராது, விட்டோம்.

அடுத்தது கற்பிட்டிப் பக்கத்துச் சின்னத் தீவு ஒன்று. அது சோளகக் காற்று வீசுகிற காலம். தெற்கிலிருந்து காற்று அடித்தால் அந்தக் கடல் இரைந்துகொண்டே இருக்கும். தொழிலுக்கு ஒருவரும் இறங்கமாட்டார்கள். பட்டம் கட்டிப் பலகையில் ஓடுகிற வெள்ளைக்காரர் மட்டும்தான் திரிவார்கள். கண்ணுக்குள் மணல், காதுக்குள் இரைச்சல். அங்கே என்ன ஓய்வு என்று அதையும் தள்ளினேன்.

மிச்சம் எங்களுக்கு வடக்கே இருக்கிற இரணைதீவு. என் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, அங்கே இருந்தாள். அந்த மாதத்தில் அந்தப் பக்கத்துக் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடக்கும். அமைதியான கடல், அமைதியான இடம். அதுதான் சரியென்று பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்ப் படகேற்றினேன்.

கரை தெரிந்தபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் தெற்குக் கடல் கொந்தளித்தால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அமைதியான கடலைத் தேடி அவர்களும் வந்திருந்தார்கள். கரை நீளத்துக்குத் தொழிலுக்கு வந்தவர்கள் தங்குகிற ஓலைவாடிகள், வாடிகளில் பாதி எங்கள் ஊர் முகங்கள்.

"அண்ணை! நீங்களும் வந்திட்டியளோ!"

ஒப்பரேசனுக்குப் பிறகு இவர் முதல்தடவையாகச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்து நேரே அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு நாள் எப்படியோ பிடித்து வைத்தேன். முற்றத்து நிழலில் கதிரை போட்டால் அவர் அதைக் கடல் பக்கம் திருப்புவார். நான் வீட்டுப் பக்கம் திருப்புவேன். அக்கா பார்த்துவிட்டு, "கதிரைக் காலெல்லாம் தேயப்போகுதடி" என்றாள்.

மூன்றாம் நாள் காலை ஒரு படகு நிறைய மீனோடு வந்து மணலில் இறுகி நின்றது. தள்ள ஆள் போதாது.

"அண்ணை, ஒரு கை வையுங்கோவன்!"

இவர் எழும்பிவிட்டார்.

"வேண்டாம்" என்றேன்.

"சும்மா தொட்டுக்கொண்டு நிக்கிறன்."

"முந்தியும் தொட்டுக்கொண்டுதான் நிண்டனீங்கள்."

அவர் தயங்கினார். கீழேயிருந்து ஒருவன் கத்தினான்: "அண்ணை ரூரிஸ்டா வந்திருக்கிறார்! இளநி வெட்டிக் குடுங்கோடா!"

எல்லாரும் சிரித்தார்கள். இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். டொக்டர் சொன்னதை அத்தனை பேருக்கும் கேட்கக் கத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவருக்கு இன்னும் அவமானம். நான் ஓடினேன். அவருக்கும் படகுக்கும் நடுவில் புகுந்து, விளிம்பில் தோளை வைத்தேன். எங்கள் ஊரில் பெண்கள் மீனைத் தரம் பிரிப்பார்கள், வலை தட்டுவார்கள். படகு தள்ளி நான் கண்டதில்லை.

"எங்கட வீட்டால ஒரு கை தானே வேணும். நான் வைக்கிறன்."

என் குரல் மெல்லத்தான் வந்தது. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. படகுக்காரன் என்னையும் பார்த்தான், இவர் வயிற்றில் பிடித்திருந்த கையையும் பார்த்தான்.

"சரி அக்கா. நான் சத்தம் போடேக்க தள்ளோணும். முதலே தள்ளினா மூக்குத்தான் உடையும்."

தள்ளினோம். இரண்டு தடவை முழங்காலில் விழுந்தேன். சீலைக் கரையெல்லாம் சேறு. இவர் மூன்று முழம் விலகி, நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். படகு ஏறியதும் படகுக்காரன் இரண்டு பாரை மீனை எடுத்து அவரிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினான்.

"இது அக்காவின்ர பங்கு."

மத்தியானம் அந்த மீனைத்தான் குழம்பு வைத்தேன். இவர் முகம் கொடுக்காமல் சாப்பிட்டார்.

"உப்புக் கூடிப்போச்சு" என்றார். அன்றைக்கு அவர் என்னோடு பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் ஐந்து படகுகள் வந்தன. மூன்றுக்கு நான் கை வைத்தேன். அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். தையல் மட்டும் பிரியவில்லை.