அப்பாவின் கோட்டில் குத்திய எண்

செல்மர் ஹாகனுக்கு இடது காது கேட்காது. பிரான்சில் பக்கத்திலேயே குண்டு வெடித்தபோது போனது. அது தெரிந்தவன் பெரியம்மா மகன் நெல்ஸ் ஒருவன்தான். அக்காளும் தங்கையும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட வீடுகள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருஷம், போருக்குப் போய் வந்தவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த பணத்தில் படிக்க இருவரும் மின்னசோட்டாவில் எங்கள் ஊர்க் கல்லூரிக்கு வந்தார்கள். கால்பந்து அணியிலும் சேர்ந்தார்கள். பெயர்தான் கால்பந்து. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும், எதிராளி மேலே விழுந்து அமுக்குவான். அணியில் பாதிப் பேர் போருக்குப் போய் வந்தவர்கள்; ஒருவனுக்குக் கால் விரல் இல்லை, இன்னொருவன் பெரிய சத்தம் கேட்டால் தரையில் படுத்துவிடுவான். அந்தப் பருவத்தில் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி.

செல்மருக்குத் தோல்வி பெரிதில்லை. கல்லூரியில் அப்பாக்களை அழைத்து நடத்தும் ஆட்டம் வரைக்கும் அணியில் இருந்தால் போதும். அன்று ஒவ்வொருவனின் அப்பாவும் மகனுடைய சட்டை எண்ணை ஊசியால் கோட்டின் முதுகில் குத்திக்கொண்டு மைதான ஓரத்துப் பெஞ்சில் உட்காருவார். தம்பி ஆர்விட் போரில் கப்பலோடு மூழ்கியதிலிருந்து செல்மரின் அப்பா இங்வால்ட் மாட்டுத் தொழுவத்தைத் தாண்டியதில்லை, சர்ச்சுக்கும் போனதில்லை. "நீ ஆடுறதா இருந்தா வரேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பந்து கிளம்புமுன் நடுவில் நிற்பவன் எண்களைக் கத்துவான். பேசி வைத்த எண் வந்ததும் எல்லோரும் ஒன்றாகப் பாய வேண்டும். முந்தி அசைந்தால் அந்த ஓட்டம் செல்லாது. செல்மர் வரிசையின் இடது ஓரம். சத்தம் நல்ல காதில் விழுந்தது, காலம் ஓடியது.

அந்த நாளும் வந்தது. "என்னய்யா இங்வால்ட், சந்தைக்கு வந்த எருது மாதிரி எண்ணோட உக்காந்திருக்கே. என்ன விலை?" என்று பக்கத்து அப்பா ஒருவர் சீண்டினார்.

"உனக்குக் கட்டுப்படியாகாது."

சொல்லிவிட்டு அவர் சிரித்ததைச் செல்மர் மைதானத்திலிருந்தே பார்த்தான்.

கடைசிக் கட்டத்தில், வலது ஓரத்தில் ஆடிய நெல்ஸுக்குத் தோள் எலும்பு முறிந்தது. "செல்மர், நீ வலப்பக்கம் போ!" என்றார் கோச் பிராண்ட்.

"சொல்லிடுடா" என்றான் நெல்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. "அங்க நின்னா உனக்கு ஒண்ணும் கேக்காது."

"சொன்னா உக்கார வெச்சுடுவார்ணே."

"உக்காரேன். சித்தப்பா பக்கத்துலயே உக்காரு."

"இன்னிக்கு வேண்டாம்ணே."

எல்லைக்கோடு எட்டிவிடும் தூரம், தாண்டினால் வெற்றி. பக்கத்தில் நின்றவன் தோள் லேசாக அசைந்ததை நம்பிச் செல்மர் பாய்ந்தான். பந்து கோட்டைத் தாண்டியது, கூட்டம் எழுந்து கத்தியது. செல்மர் முந்தி அசைந்துவிட்டான், செல்லாது என்றார் நடுவர். அடுத்த முறை பயந்து நின்றுவிட்டான். அவன் மறிக்க வேண்டியவன் உள்ளே புகுந்து பந்தைத் தட்டிப் பறித்தான். அதோடு ஆட்டம் முடிந்தது.

பெஞ்சுக்குத் திரும்பியவனின் இடப்பக்கமாக வந்து கோச் கத்தினார்: "செவிடாடா நீ?"

செல்மர் திரும்பவில்லை. கோச் இன்னொரு முறை கத்தினார். அப்புறம் அவர் முகம் மாறியது. அப்பாமார் எல்லோரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்வால்ட் எழுந்து மகனின் வலப்பக்கம் வந்தார். "எப்பலேருந்து?"

"பிரான்ஸ்லேருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்கப்பா."

"வந்திருக்கவே வேண்டாம்" என்றார். கோட்டைக் கழற்றி, எண்ணைப் பிய்த்து எடுத்து, ஊசிகளைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே செல்மர் படிப்பை விட்டான். சாகும் வரைக்கும் மாடு கறந்தான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இங்வால்ட் மறுபடி தொழுவத்தைத் தாண்டவில்லை.

அன்று மாலை பழைய லாரியில் வீடு திரும்பும்போது அப்பா ஏதாவது பேசினாரா என்று நெல்ஸ் பிற்பாடு கேட்டிருக்கிறான். தெரியாது என்றான் செல்மர். வண்டியை ஓட்டிய அப்பா அவன் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார்; அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.