பிள்ளையாருக்கு நேர் கீழே

அத்தான் அந்தப் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று எனக்கு முதலில் வந்தது குமட்டல்தான். நாடு திரும்பும் ஓர் அமெரிக்கப் படைவீரனிடம் வாங்கியிருந்தார். கதவைத் திறந்தால் பழைய பொரியல் எண்ணெயும் நனைந்த நாயும் சேர்ந்த வாடை. கோப்பை வைக்கும் குழியில், அந்த மனிதன் வாயில் அதக்கித் துப்பிய புகையிலைச் சாறு பிசினாகக் காய்ந்து கிடந்தது. பின்னால் அதே ஆளின் இரட்டை அச்சு ட்றெயிலர். அதற்குள் இரும்புக் கல்லும் காஸ் அடுப்புகளும் பூட்டி, கோடையில், ஜெர்மனியில் எங்கள் சனம் கூடும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் மரக்கறிக் கொத்துரொட்டிக் கடை போடுவது அத்தானின் திட்டம்.

"இப்பிடி ஒண்டு எங்கட பீலெஃபெல்டில ஆரிட்டையும் இல்லை, மச்சான்" என்றார்.

ஒருவரிடமும் இல்லாததற்குக் காரணம் இருந்தது. ஜெர்மனியில் விற்கிற ட்றெயிலருக்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. முன்வண்டி வேகம் குறைந்தால் ட்றெயிலர் முன்னால் வந்து தள்ளும். அந்தத் தள்ளுதலே அதன் பிறேக்கை அழுத்திவிடும். அமெரிக்க ட்றெயிலருக்கு மின்சாரப் பிறேக். எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று தீர்மானிக்க ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியைப் படைவீரன் கழற்றிக்கொண்டு போயிருந்தான். டாஷ்போர்டுக்குக் கீழே நாலு வயர்கள் வெட்டுப்பட்டுத் தொங்கின. யானை வாங்கியாகிவிட்டது, அங்குசம் இல்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் அழுத்த இயந்திரங்களைப் பராமரிக்கிறவன். எங்கள் குடும்பத்தில் ஸ்க்ரூ டிரைவரைச் சரியான பக்கம் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால், வேலை என் தலையில் விழுந்தது. அக்காவின் கணவர் என்ற மரியாதைக்கு மறுக்கவும் முடியவில்லை. அக்கா வேறு அந்தக் கடையை நம்பி, துப்புரவு வேலைக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அந்தப் பெட்டியை உள்ளூரில் ஒரு கடைக்காரன்கூடக் கண்டிருக்கவில்லை. இணையத்தில் தேடி அமெரிக்காவிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. அதில் இரண்டு வகை. ஒன்று மலிவு: பிறேக்கில் கால் வைத்ததும், முன்பே குறித்து வைத்த அளவு மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அனுப்பும். மெல்லக் கால் வைத்தாலும் ஓங்கி மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். மற்றதற்குள் ஒரு சின்ன ஊசல் இருக்கிறது. வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறதோ அவ்வளவு தூரம் ஊசல் முன்னால் ஆடும், அதே அளவுக்கு ட்றெயிலரும் பிடிக்கும்.

முதல் வகையைப் பார்த்ததுமே எனக்கு இளக்காரம். அது மண்டையில் ஒன்றுமில்லாதவனுக்குச் செய்த சாமான் என்று அத்தானிடம் சொன்னேன். ஊசல் பெட்டியைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினேன். அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டே ட்றெயிலரின் பக்கவாட்டில் எந்த நிறத்தில் கடைப்பெயர் எழுதலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊசல் பெட்டிதான் வந்தது.

பூட்டிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிக்கப்புக்குள் தலைகீழாகப் படுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே முகத்தை நுழைத்தேன். மூக்குக்கு முன்னால் நாய்மயிர். முழங்கையில் ஏதோ ஒட்டியது, என்னவென்று பார்க்க மனம் வரவில்லை. இந்த நாற்றத்தின் மேல் அத்தான் சந்தன ஊதுபத்தி வேறு கொளுத்தி வைத்திருந்தார். கறுப்பு வயர் பாட்டரிக்கு, வெள்ளை வயர் வண்டியின் இரும்பு உடம்புக்கு, சிவப்பு பிறேக் விளக்குச் சுவிச்சுக்கு, நீலம் பின்னால் ட்றெயிலருக்கு. ஒவ்வொன்றையும் முறுக்கி ஈயம் வைத்து உறை போட்டேன். அந்த வண்டியில் சுத்தமான பொருள் அந்த நாலு இணைப்புகள்தான்.

பெட்டியைப் பூட்டும் இடம்தான் மிச்சம். கூட வந்த சின்னப் புத்தகத்தில் அதற்கு ஒரு படம் இருந்தது. பெட்டி வண்டியின் போக்குக்கு நேராக, முன்னால் பார்த்தபடி இருக்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பி வைத்த பெட்டியின் மேல், கூடாது என்று பெரிய புள்ளடி போட்டிருந்தார்கள். அப்படி நேராகப் பூட்ட அந்த வண்டியில் ஒரே ஓர் இடம் இருந்தது: டாஷ்போர்டின் நடு விளிம்பு. ட்ரில்லைக் கையில் எடுத்தேன்.

"தம்பி, அதில ஓட்டை போடாதையடா" என்றாள் அக்கா.

விளிம்புக்கு மேலே பிள்ளையார் இருந்தார். முந்தின கிழமைதான் கோயிலில் வாகனப் பூசை செய்து, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பிள்ளையாரை அந்த இடத்தில் ஒட்டியிருந்தார்கள். கையளவு வெண்கலப் பிள்ளையார், நெற்றியில் சந்தனம், பக்கத்தில் காய்ந்த அறுகம்புல்.

"பூசை செய்த வாகனம். பிள்ளையாருக்கு நேர கீழ ட்ரில் போடுறதோ? வேற எங்கையாவது பூட்டேலாதே?"

அந்த நேரத்தில் எனக்கு எல்லாவற்றின் மேலும் ஒரு வெறுப்பு வந்தது. நாய்மயிரின் மேல், ஊதுபத்தியின் மேல், வெயிலுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து நிற்கிற அத்தானின் மேல். ஊசலைப் பற்றி இவர்களுக்கு இன்னொரு தரம் விளக்குவதை நினைத்தாலே எரிச்சல். விளக்கி என்ன, செவிடன் காதில் ஊதின சங்குதான் என்று நினைத்தேன்.

"ஏலும்" என்றேன்.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த பிளாஸ்டிக் பெட்டகத்தின் பக்கத்தில், பெட்டி கதவைப் பார்த்தபடி இருக்க, இரண்டு திருகில் பூட்டினேன். புத்தகத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

வெள்ளோட்டம் பார்க்க ஒரு பேரங்காடியின் காலி வாகனத் தரிப்பிடத்துக்குப் போனோம். அத்தான் வட்டம் வட்டமாகச் சுற்றினார். வளைவில் ஊசல் பக்கத்துக்குச் சாயும், அது பக்கவாட்டில் இருந்த பெட்டிக்கு முன்னால் சாய்வதாகத் தெரியும். பிறேக்கைத் தொட்டதும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, ட்றெயிலர் இறுக்கிப் பிடித்தது. "கெட்டிக்காரப் பெட்டி" என்று அத்தான் அதைத் தட்டிக்கொடுத்தார். நேராக ஓட்டி நிறுத்திப் பாருங்கோ என்று நான் சொல்லவில்லை. நேராகப் போய் நிறுத்தினால் அந்த ஊசல் ஆடாது, ட்றெயிலர் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். பெட்டியின் முகப்பில், ட்றெயிலரின் பிறேக்கை மட்டும் கையால் அழுத்த ஒரு சின்ன நெம்பு இருந்தது. அவசரமென்றால் அது இருக்கிறதே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அப்படி ஒரு நெம்பு இருப்பதை அத்தானிடம் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஆகவே அதையும் சொல்லவில்லை. திருவிழாவுக்கு நானும் வாறன் என்று மட்டும் சொல்லி, ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

திருவிழா அன்று ட்றெயிலருக்குள் இரும்புக்கல், காஸ் சிலிண்டர்கள், தண்ணீர்த் தாங்கி, மூட்டை மூட்டையாக வெங்காயமும் முட்டைக்கோவாவும். அக்கா பின்சீட்டில் ரொட்டிமாச் சட்டிகளுக்கு நடுவே நெருங்கி உட்கார்ந்திருந்தாள். நெடுஞ்சாலையில் பெரிதாக பிறேக் தேவைப்படவில்லை. நான் வழி முழுக்க இடக்கையின் பெருவிரலை நெம்பில் வைத்திருந்தேன். அது வியர்த்து வழுக்கியது.

"என்ன, பெட்டியைக் காவல் காக்கிறியே?" என்று அத்தான் சிரித்தார்.

கோயிலுக்குப் போகும் தெரு நேரானது. இரண்டு பக்கமும் கார்கள், நடுவில் சனம். ஒரு கார் மறைவிலிருந்து, குழந்தை வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் தெருவில் இறங்கினாள். அத்தான் பிறேக்கை மிதித்தார். பிக்கப்பின் மூக்கு குனிந்தது, ஆனால் நாங்கள் நிற்கவில்லை. பின்னாலிருந்து அந்தப் பாரம் முழுவதும் எங்களைத் தள்ளியது. நான் நெம்பைக் கடைசி வரை அழுத்தினேன். ட்றெயிலரின் சக்கரங்கள் இறுகிக் கிறீச்சிட, ரப்பர் கருகிய மணம் உள்ளே வந்தது. நின்றபோது வண்டிலின் கைப்பிடி எங்கள் முன்கம்பிக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. குழந்தை விழித்து எங்களைப் பார்த்தது. அந்தப் பெண் கண்ணாடிக்குள் பிள்ளையாரைக் கண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

"பிள்ளையார் காப்பாத்திப்போட்டார்" என்று அக்கா பின்னால் அழுதாள்.

"மச்சான் பூட்டின பிறேக் எண்டா பிறேக்தான்" என்றார் அத்தான்.

கடை விரித்ததும் வந்தவர் போனவருக்கெல்லாம் அத்தான் கதை சொன்னார். முதல் தட்டுக் கொத்தை எனக்குப் போட்டார். அக்கா நடுவில் ஓடிப்போய் என் பெயருக்கு அர்ச்சனை செய்து, திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டாள். எனக்குக் கருகிய ரப்பர் மணம் மூக்கை விட்டுப் போகவில்லை. ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன். அதுவரை அவர்கள் மேல் இருந்த அருவருப்பு முழுவதும் என் மேல் திரும்பியிருந்தது, அதைத் துப்பவும் இடமில்லை.

மாலையில் சனம் குறைந்ததும் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு பிக்கப்புக்குப் போனேன். நடுவில் பூட்டிய இரண்டு திருகையும் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து கதவடியில் நின்றாள். பெட்டியைத் திருப்பிப் பூட்டியது, புத்தகத்தில் இருந்த புள்ளடி, நெம்பு, நான் பக்கத்துச் சீட்டில் வந்த காரணம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஊசல் என்றால் என்ன என்று அவள் கேட்கவுமில்லை. உடனே விளங்கிவிட்டது.

அவள் உள்ளே எட்டி, பிள்ளையாரின் அடியில் நகத்தை விட்டு, ஒட்டியிருந்த பசையோடு பெயர்த்து எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள்.

"ஏலாது எண்டு அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் இவரை மடியில வச்சிருப்பன்தானே."

விளிம்பில் துளை போட்டேன். திரும்பும் வழி முழுக்கப் பிள்ளையார் பின்சீட்டில் அவள் மடியில்தான் வந்தார்.