எவாரிஸ்தோ மூடிய குழிகள்

எவாரிஸ்தோ மைதானா எங்கள் அண்டார்டிகா தளத்தில் குழாய்க்காரர். நெல் விளையும் கொரியென்தெஸ் மாகாணத்தில் பிறந்து, நாற்பது வயது வரை பனியைக் குளிர்பெட்டியில் மட்டும் பார்த்தவர். என் கணவர் ரேடியோ அறையில், நான் சமையலறையில். என் ஜன்னலிலிருந்து பென்குயின் மேடு தெரியும். தினமும் வேலை முடிந்ததும் எவாரிஸ்தோ மண்வாரியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவதும் தெரியும்.

படகுத்துறைக்குப் போகும் எங்கள் வழி அந்த மேட்டை ஒட்டியது. புதுப் பனியில் கால் முழங்கால் வரை இறங்கும். நமக்கு அது கால்தடம், பென்குயினுக்குக் கிணறு. விழுந்தால் ஏற முடியாது. கூட்டில் காத்திருக்கும் அதன் ஜோடி பசி தாங்காமல் ஒருநாள் எழுந்து போகும். ஸ்குவா என்ற வேட்டைப் பறவை வந்து குஞ்சைக் கொத்திக்கொண்டு போகும். நவம்பரில் இப்படி விறைத்துப்போன இரண்டை எவாரிஸ்தோ குழியிலிருந்து எடுத்தார். அன்று முதல் யார் நடந்தாலும் பின்னாலேயே போய்க் குழியை மூடுவார்.

"சாலைத்துறை மந்திரி கிளம்பிட்டாரா?" என்பார் தளத் தலைவர் மேஜர் லூச்சானி.

"நீங்க நடக்கிறத நிறுத்துங்க சார், நான் ராஜினாமா பண்ணிடறேன்."

டிசம்பரில் குஞ்சு பொரிந்த வாரம் கப்பலில் பதினாறு பேர் வந்து இறங்கினார்கள். பியூனஸ் அயர்ஸில் பென்குயின்களைக் காக்கும் அறக்கட்டளையாம். எல்லாருக்கும் ஒரே நீலக் கோட்டு. கூடவே ஆள் நீள அலுமினியப் பலகை: 'இங்கே பென்குயின்கள் வாழ்கின்றன. மதித்து நடங்கள்.' தலைவி ஒக்தாவியா அம்மாள் பென்குயின்களைத் தன் பிள்ளைகள் என்றார். பிள்ளைகளின் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்.

எவாரிஸ்தோ அவரிடம் போய், "அம்மா, கொடி நட்ட வழியிலயே ஒருத்தர் பின்னால ஒருத்தரா போங்க. கடைசியா வர்றவர் குழிய மூடிட்டு வரட்டும்" என்றார்.

"நாங்க அதுங்கள நேசிக்கிறோம் தம்பி."

"நேசிங்கம்மா. குழிய மூடிட்டு நேசிங்க."

மேஜர் முகம் சிவந்தது. "விருந்தாளி கையில மண்வாரி குடுப்பியா? போய்யா, கக்கூஸ் அடைச்சிருக்கு, அதப் பாரு."

பலகையை இரண்டு கம்பத்தில் திருகி, பென்குயின்கள் கடலிலிருந்து ஏறிவரும் தடத்தின் குறுக்கேயே நட்டார்கள். படத்தில் கடல் தெரிய வேண்டுமாம். பக்கத்துக்கு ஒருவராகப் பரவி நின்று, இடம் மாறி, மறுபடி நின்று படம் பிடித்தார்கள். என் குழம்பை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். காற்று மாறியது, கப்பல் ஊதியது, போய்விட்டார்கள். சரிவு சல்லடைக் கண்ணாகக் கிடந்தது.

இரை தேடிப் போன பென்குயின்கள் கரையேறும் நேரம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேலே பனி தூவிவிட்டால் குழி இருப்பதே தெரியாது.

"முதல்ல கக்கூஸ்" என்றார் மேஜர்.

எவாரிஸ்தோ மண்வாரியை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனார். இருநூறு குழிக்கு ஒரு மண்வாரி எந்த மூலைக்கு? நட்டிருந்த பலகையைப் பார்த்தார். பிறகு பலகையின் திருகாணிகளைக் கழற்றி அதைப் பனிமேல் குப்புறப் போட்டு, இரண்டு ஓட்டையிலும் கயிறு கட்டினார். வயலில் பரம்படிப்பதுபோல் சரிவைச் சமன்செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நானும் போனேன்.

"பலகை மேல ஏறி நில்லுங்க அக்கா. கனம் வேணும்."

ஏறி நின்றேன். ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இழுத்தார். மூன்று குழியில் உயிரோடு ஒவ்வொன்று இருந்தது. தூக்கி வெளியே விட்டார். ஒன்று அவர் கட்டைவிரலைக் கிழித்துவிட்டுக் கூட்டைப் பார்க்க நடந்தது. பனி விழத் தொடங்கியபோது சரிவு சமமாக இருந்தது. பலகையில் 'மதித்து' என்ற சொல் தேய்ந்தே போயிருந்தது.

உத்தரவை மீறியதற்கும் பலகையைக் கெடுத்ததற்கும் ஜனவரிக் கப்பலில் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். நான் அதன்மேல் நின்றதை மேஜர் ஜன்னலில் பார்த்திருந்தார், ஆனால் அறிக்கையில் எழுதவில்லை. சமையலுக்கு வேறு ஆள் இல்லையே. நானாவது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

கிளம்பும்போது மேஜர் பெருந்தன்மையாகக் கை நீட்டினார். "உனக்குப் பென்குயின் மேல அக்கறை இல்லைன்னு அறிக்கையில எழுதவேண்டியதாப் போச்சு."

"எழுதுங்க சார்" என்றார் எவாரிஸ்தோ. "அதுங்க படிக்கப் போறதில்ல."

படகுத்துறைக்கு நடந்தார். மேஜர் பின்னாலேயே போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். பாதை நெடுக மேஜருடைய பூட்ஸ் குழிகள்.