நூற்றுத் தொண்ணூற்றெட்டு நாள்

1994 மார்ச் 3, வியாழக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மேகம் ஒன்றுகூட இல்லாத வெயில், காற்றில் புழுதி வாசனை. ஈரத் துணியைக் கல்லில் ஒரே ஒரு முறை அடித்ததுபோல வாசலில் ஒரு சத்தம் கேட்டது. என் இளமையில் எழுதும்படி ஒன்றுமில்லை. என் மகள் வசுமதியின் இளமையில் பதினோரு நாட்களை நான் கெடுத்தேன், அவற்றை எழுதுகிறேன்.

எங்கள் கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், பெண்பிள்ளைகள் கரிக்கட்டியால் எட்டுக் கட்டம் போட்டு "குண்ட்டேபில்லே" ஆடுவார்கள். தமிழ்நாட்டில் பாண்டி என்கிற அதே ஆட்டம். ஒற்றைக் காலில் எட்டையும் தாண்டி அதே காலில் திரும்புவதில் பதினோரு வயது வசுவை வெல்ல ஆளில்லை. அன்று அவள் எறிந்த ஓட்டுச் சில்லு பக்கத்து வீட்டுக்குள் விழுந்தது. காம்பவுண்டுச் சுவரேறிப் போய் எடுத்தவள், திரும்பும்போது ஆறடி உயரத்திலிருந்து தெருவில் குதித்தாள். எனக்குக் கேட்டது அந்தச் சத்தம்தான். விளக்கு வைப்பதற்குள் வலது கணுக்கால் வீங்கிவிட்டது.

"எக்ஸ்ரே எடுத்துடலாங்க," என்றாள் என் மனைவி. "பாதம் பூரியாட்டம் இருக்கு."

"வெறும் சுளுக்கு. அங்க போனா படுக்கப் போட்டுடுவான். இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

வருடம் முழுக்க ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளையை ஆண்டு விழாவில் மேடைக்கு அழைப்பது அவள் பள்ளி வழக்கம். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு நாள். நூற்று எண்பத்தேழு முடிந்திருந்தது. தினமும் காலண்டரில் நான்தான் கோடு போட்டேன், அலுவலகத்திலும் சொல்லி வைத்திருந்தேன்.

"பரவால்லப்பா, நான் போறேன்," என்றாள் வசு. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தைலம் தேய்த்து, துணி சுற்றி, ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்குவேன். கேட்டுக்கு உள்ளே பெற்றோருக்கு அனுமதி இல்லை. வகுப்பு இரண்டாவது மாடியில், முப்பத்தெட்டுப் படி. கைப்பிடியைப் பிடித்து இடது காலை வைத்து, வலது காலை இழுத்துக்கொண்டு அவள் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். நாலாம் நாள் வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்றார். குழந்தையை 'மகு' என்றும் விடுப்பை 'ரஜா' என்றும் சொல்கிற கன்னடக்காரர்.

"சாரே, மகு நொண்டுது பாருங்க. ஒரு நாள் ரஜா போட்டா ஸ்கூல் இடிஞ்சா விழும்?"

"உன் வேலையைப் பாருப்பா," என்றேன்.

ஏற முப்பத்தெட்டு, இறங்க முப்பத்தெட்டு, பதினோரு நாள்: எண்ணூற்று முப்பத்தாறு படிகள்.

பதினோரு நாளும் முடிந்த பிறகுதான் எக்ஸ்ரே. டாக்டர் மேசையில் ஒரு கால் எலும்புக்கூடு நின்றது. தொடையில் ஒன்று, முட்டிச் சில்லு ஒன்று, முழங்காலுக்குக் கீழே இரண்டு, பாதத்தில் இருபத்தாறு, ஆக முப்பது என்று அவர் சொல்லச் சொல்ல நான் மனதில் கூட்டிக்கொண்டிருந்தேன். கணுக்காலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் எலும்பைத் தொட்டுக் காட்டினார். "டேலஸ்" என்று பெயர். உடம்பின் பாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. ஆனால் ஒரு தசைகூட அதில் ஒட்டுவதில்லை, அதற்கு இரத்தம் வருவதும் மெல்லிய குழாய்களில்.

"மொதல் நாள் நூல் மாதிரி விரிசலா இருந்திருக்கும். நடந்து நடந்து விலகிடுச்சு. மத்த இருபத்தொன்பதும் நல்லா இருக்கு சார்," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, என் மனைவியைப் பார்த்தே பேசினார்.

ஆண்டு விழாவில் மாவுக்கட்டோடு இரண்டு டீச்சர்கள் தாங்கிப் பிடிக்க வசு மேடை ஏறினாள். எவர்சில்வர் தட்டு ஒன்று கொடுத்தார்கள். அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன்.

கட்டுப் பிரித்த பின்பும் நொண்டல் போகவில்லை. இரத்தம் போகாத எலும்பு உள்ளுக்குள் மெல்ல மெல்லச் செத்தது. பன்னிரண்டு வருடம் வலியோடு நடந்தாள். 2006இல், வேறு வழியில்லை என்று திருகாணி வைத்துக் கணுக்காலை ஒரே எலும்பாகச் சேர்த்துவிட்டார்கள். வலி நின்றது, கணுக்கால் மடங்குவதும் நின்றது. அப்போது அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வங்கியில் போட்டிருந்த வைப்புத் தொகையை உடைத்து, டிஸ்சார்ஜ் நாளில் காசோலையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"வேணாம்பா. ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருக்கு. மிச்சத்த நான் கட்டிட்டேன்."

"நானும் கொஞ்சமாவது..."

"வேணாம்னேனே. போய் ஒரு ஆட்டோ புடிங்க, அது போதும்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது அந்தக் கிராஸில் கட்டம் போட இடமில்லை. இரண்டு பக்கமும் கார்கள், நேற்று எண்ணியபோது பதினேழு. அந்தப் பள்ளிக் கட்டடமும் போய்விட்டது. விடுப்பு நாளில் வசு வருவாள், சாப்பிடுவாள், என் மாத்திரைகளைச் சரிபார்ப்பாள், கிளம்பிவிடுவாள். கால் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அந்த ஓர் எலும்புக்காக என் கையிலிருந்து அவள் வாங்க ஒப்புக்கொண்டது, அன்று வீடு திரும்ப நான் பிடித்த ஆட்டோவின் வாடகை, எண்பத்தாறு ரூபாய்.