ரீச்சரின் களிமண் கபரகொய்யாக்கள்

திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்து இரண்டு மாதம் கழித்து, 1942ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், இரத்தினேஸ்வரி லோஞ்சுப் படகில் ஏறி மூதூருக்கு வந்து இறங்கினாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. பட்டினத்தில் அவள் படிப்பித்த பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது. குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு குடாவுக்குத் தெற்கே போனபோது பிள்ளைகளும் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் அவளும் போனாள். கடற்படைக் கந்தோரில் கிளாக்கராக இருந்த தகப்பன் கதிரவேலு, வயதுக்கு வந்த பெண் தனியே போய் வேற்றூரில் நிற்பதா என்று கேட்டார். பிள்ளைகள் இல்லாத ஊரில் ஒரு ரீச்சர் இருந்து என்ன செய்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

மூதூரில் அவளுக்குக் கிடைத்தது கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டிலும் பாலர் வகுப்பு முப்பத்திரண்டு பிள்ளைகளும். பாதிப்பேர் பட்டினத்திலிருந்து வந்தவர்கள், மீதிப்பேர் ஊர்ப்பிள்ளைகள். கொட்டிலுக்குப் பின்னால், வயல் வாய்க்காலை ஒட்டி, நீளமாகப் பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். காவல் நிற்பவர்கள் தண்டவாளத் துண்டை அடித்தால் பிள்ளைகள் ஓடிப்போய் அதற்குள் இறங்க வேண்டும்.

முதல் ஒத்திகையிலேயே எல்லாம் பிழையாய்ப் போய்விட்டது. முன்னால் ஓடிக் குதித்தவள் ஸுல்பிகா. வயல் செய்யும் பக்கீரின் மகள், ஆறு வயது. குதித்த இடத்தில் ஒரு கபரகொய்யா கிடந்தது. புத்தகக்காரர் நீருடும்பு என்று எழுதும் அந்தச் சீவன் ஆளின் நீளத்துக்கு இருந்தது. கறுத்த உடம்பில் மஞ்சள் புள்ளி. அது சீறிக்கொண்டு மறுபக்கத்தால் ஏறி ஓடியது. ஸுல்பிகா வெளியே வந்து நடுங்கினாள். அதன் வால் பட்ட கால் அழுகும் என்றும் மூச்சுப் பட்டால் மேலெல்லாம் புண் வரும் என்றும் பிள்ளைகள் கேள்விப்பட்டிருந்தார்கள். அதன்பிறகு ஒருவரும் குழிக்குக் கிட்டப் போகவில்லை. தூக்கி இறக்கப் பார்த்தாலும் காலை உதைத்து அழுதார்கள்.

தலைமையாசிரியர் பாலசிங்கம் ஆளைப் பிடித்து அதை அடித்துக் கொல்லச் சொன்னார். கொன்றார்கள். அடுத்த கிழமை இன்னொன்று வந்து கிடந்தது.

உண்மையில் இரத்தினேஸ்வரிக்கே பல்லியைக் கண்டால் உடம்பு கூசும். குழியை எட்டிப் பார்க்க அவளுக்கும் பயம்தான். ஆனால் விமானம் வரும் நாளில் இந்தப் பிள்ளைகள் வெளியே நின்று அழுதால் என்ன நடக்கும் என்று நினைத்தபோது அந்தப் பயம் பெரிதாகத் தெரியவில்லை. அவள் பக்கீரிடம் போய்க் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"குழிக்குள்ள தண்ணி ஊறுது, நண்டு வருது. நண்டத் தின்ன இது வருது. எத்தினயக் கொல்லுவீங்க, ரீச்சர்? ஓட வழி கிடைச்சா அது ஓடிரும். மறிச்சாத்தான் வாலால அடிக்கும்" என்றார்.

மூன்று காலை அவள் வரம்பில் குந்தியிருந்து பார்த்தாள். வாலைப் பக்கவாட்டில் வீசி அது நீந்துவதையும், பிளந்த நாக்கை நீட்டி நீட்டி மணம் பிடிப்பதையும், ஆள் நடமாட்டம் கேட்டதும் விலகிப் போவதையும் கண்டாள். தகப்பனின் கந்தோரில் வெள்ளைக்காரர் அதை இகுவானா என்று சொல்வார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. தகப்பனுக்கு எழுதி, ஒரு விலங்குப் படப் புத்தகத்தை எடுப்பித்தாள். படத்தில் இருந்த இகுவானா வேறு ஆள். அது கடலுக்கு அப்பால், அமெரிக்கக் காடுகளில் மரமேறி இலை தின்பது. முதுகு நெடுகச் சீப்புப்போல முள்.

அவள் தலைமையாசிரியரிடம் போய், இரண்டு கிழமைக்கு வாசிப்பை நிறுத்திவைக்க விடும்படி கேட்டாள். கல்விக் கந்தோரிலிருந்து இன்ஸ்பெக்டர் வரப்போகிற மாதத்தில் இது என்ன கூத்து என்று அவர் சினந்தார். குழிக்குள் இறங்காத பிள்ளைகளுக்கு வாசிப்பு எதற்கு என்று அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சரி, பொறுப்பு உங்களுடையது என்றார்.

வாய்க்கால் களிமண் கொட்டிலுக்குள் வந்தது. பிள்ளைகள் கபரகொய்யா செய்தார்கள். உடம்புக்குக் கரி பூசினார்கள், புள்ளிக்கு மஞ்சள் குழைத்து வைத்தார்கள், பனையோலையைக் கிழித்து நாக்குச் செருகினார்கள். பக்கத்தில் இகுவானாவும் செய்தார்கள். அதன் முதுகில் ஈர்க்குத் துண்டுகளை நிரையாகக் குத்தினார்கள். ஒன்றின் வாயில் நண்டுக்கால், மற்றதன் வாயில் முருக்கமரத்து இலை. முதல் மூன்று நாளும் ஸுல்பிகா களிமண்ணைத் தொடவில்லை. நாலாம் நாள் தானாக வந்து, மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு நீளத்தில் ஒன்றைச் செய்து, அதற்குக் கண் வைத்தாள்.

பிறகு விளையாட்டு. ஒரு பிள்ளை கபரகொய்யாவாகித் தரையில் ஊர வேண்டும். மற்றவர்கள் ஒரு பக்கமாகக் கூடி நின்று காலால் நிலத்தை உதைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தை மறிக்கக் கூடாது, கல் எறியக் கூடாது. இரத்தினேஸ்வரியும் சேலையைச் செருகிக்கொண்டு முழங்காலில் ஊர்ந்தாள். அதைப் பார்த்த பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒரு கிழமை சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஸெய்னுதீன் வந்தது ஒரு வியாழக்கிழமை. பாலர் வகுப்பில் வாசிக்கச் சொன்னார். பிள்ளைகள் தடக்கித் தடக்கி வாசித்தார்கள். அவர் முகம் சுருங்கியது. வாசலில் நின்ற பாலசிங்கத்தின் முகம் அதைவிடச் சுருங்கியது. அந்த நேரம் பார்த்துத் தண்டவாளம் அடித்தது. ஒத்திகை இல்லை. குடாவுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டது.

பிள்ளைகள் நிரையாகக் குழியடிக்கு ஓடினார்கள். குழிக்குள் கபரகொய்யா கிடந்தது. முன்னால் நின்ற இரத்தினேஸ்வரிக்குக் கால் அசையவில்லை. அவள் நின்ற இடம் அது வெளியேறும் பக்கம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"ரீச்சர், இஞ்சால வாங்க. அதுக்கு வழிய விடுங்க" என்று ஸுல்பிகா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரு பக்கமாகக் கூடி நிலத்தை உதைத்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. கபரகொய்யா தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது; பிறகு திரும்பி மறுபக்கத்தால் ஏறி வாய்க்காலில் விழுந்தது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக இறங்கிக் குந்தினார்கள். கடைசியாக இன்ஸ்பெக்டரும் இறங்கினார்.

சேற்றில் குந்தியிருந்தபடி, அந்த இகுவானா திரும்பி வராதா என்று அவர் கேட்டார்.

"அது இகுவானா இல்ல, சேர். இகுவானாவுக்கு முதுகில சீப்பு இருக்கும், இல தின்னும். இது நம்மட கபரகொய்யா. சத்தம் அடங்கினாத்தான் வரும்" என்றாள் ஸுல்பிகா.

இன்ஸ்பெக்டர் இரத்தினேஸ்வரியைப் பார்த்தார். சொல்ல வேண்டியதைப் பிள்ளை சொல்லிவிட்டது.

விமானங்கள் நம்முடையவைதான் என்று பிறகு தெரியவந்தது. பள்ளிக்கூடக் குறிப்புப் புத்தகத்தில் இன்ஸ்பெக்டர் இரண்டு வரி எழுதினார். பாலர் வகுப்பின் வாசிப்பு போதாது என்பது முதல் வரி. உள்ளே கிடந்த கபரகொய்யாவை அனுப்பிவிட்டு, அழுகை இல்லாமல், முப்பத்திரண்டு பிள்ளைகளும் இரண்டு நிமிடத்தில் பதுங்குகுழிக்குள் இறங்கியதைத் தன் கண்ணால் கண்டதாக அடுத்த வரி.

மறுநாள் காலை பாலசிங்கம் முழுப் பள்ளிக்கூடத்தையும் முற்றத்தில் நிறுத்தி அந்த இரண்டு வரியையும் வாசித்தார். புகழ்ந்து பழக்கமில்லாத மனுஷன். தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய வகுப்புகளும் இதைப் படிக்க வேண்டும், திங்கட்கிழமையிலிருந்து இரத்தினேஸ்வரி ரீச்சர் எல்லாருக்கும் படிப்பிப்பார் என்றார். முன்வரிசையில் பாலர் வகுப்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அவளுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மணி அடித்ததும் பிள்ளைகளைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போனாள். ஸுல்பிகாவுக்கு 'ழ' இன்னும் சரியாக எழுத வரவில்லை. அவளைப் பக்கத்தில் இருத்தி, சிலேற்றை மடியில் வைத்து, முதலில் அந்த எழுத்தைத் தொடங்கினாள்.