மேபலின் கயிறும் என் வாயும்

ஒட்டகத்தைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வட்டமடிக்கிற தொழிலில் முதலில் தேய்வது சப்பாத்து, அதற்கடுத்தது பொறுமை. கோடை விடுமுறையில் சம்பளத்துக்காகப் பல்லைக் காட்டி நின்ற சகோதர சகோதரிகளே, கோப்பை கழுவினவர்களே, டோனட் விற்றவர்களே, என் நோவு உங்களுக்கு விளங்கும். ‘கஸ்ரமர் சொன்னால் சரி’ என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவைத்திருக்கிறான். அவன் தன் வாழ்நாளில் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்க மாட்டான்.

எண்பத்தாறாம் ஆண்டு கனடாவில், மில்லிக்கனுக்கு வடக்கே ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டினால் சோளக் காணிகள்தான். அதற்குள் கார்லோ என்ற இத்தாலியர் ஒரு மிருகப் பண்ணை நடத்தினார். ஆடு, மட்டக்குதிரை, இரண்டு மயில், ஓர் ஒட்டகம். நான் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறவள், விவாதக் குழுவில் இருக்கிறவள். ஒட்டகத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நேர்முகத்தில் கார்லோ கேட்டது ஒரே கேள்விதான்: “உனக்கு நடக்கத் தெரியுமோ?”

பிறந்த இடம்

ஒட்டகத்தின் பெயர் மேபல். இரண்டு திமில், தொங்கும் உதடு, கோடை பிறந்தால் பழைய கம்பளம் கிழிந்ததுபோலக் கொத்துக் கொத்தாக உதிரும் மயிர். பாலைவனத்து ஜீவனுக்கு வெள்ளைக்காரக் கிழவியின் பெயர் வைத்த கார்லோவுக்குச் சிவகௌரி என்ற என் பெயர் மட்டும் வாயில் நுழையவில்லை. மேபலை மேபல் என்று கூப்பிடுவார். என்னை “ஏய்” என்று கூப்பிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த கிழமையே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து மேபலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப மேபலைப் பார்த்தார். “நீங்கள் இரண்டு பேரும் ஒண்டாத்தான் வந்தனீங்களோ?” என்று அன்பாகக் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேபல் ஒன்ராறியோவில் ஒரு பண்ணையில் பிறந்தவள் என்றும், மணலைச் சாக்கில் தவிர வேறெங்கும் கண்டிராதவள் என்றும், நானோ கடலும் பனைமரமும் உள்ள யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வருடத்துக்கு முன்னர் விமானத்தில் வந்தவள் என்றும், எங்கள் ஊரில் பாலைவனமே கிடையாது என்றும் விரிவாக விளக்கினேன். பெண்மணி கவனமாகக் கேட்டு, தலையாட்டி, மகளைக் கூப்பிட்டு அறிவித்தார்: “இவையள் இரண்டு பேரிலையும் ஒட்டகம்தான் கனேடியன்!”

மேபலின் பொழுதுபோக்கு

சிலருக்கு முத்திரை சேர்ப்பது பொழுதுபோக்கு. மேபலுக்குத் தொப்பி. சேர்ப்பதில்லை, தின்பாள். ஆட்கள் படியேறி முதுகில் இருக்கும்வரை அசையாமல் தவம் செய்வாள். கீழே நிற்கிறவர் படம் எடுக்கக் குனிந்ததும் கழுத்தை நீட்டி, பல்லால் நுனியைப் பிடித்து, மிக மரியாதையாகக் கழற்றுவாள்.

ஒருநாள் போனது ஒரு கனவானின் வைக்கோல் தொப்பி. அவர் கத்தினார். நான் மேபலின் சார்பில் வாதாடினேன். வைக்கோல் தீவனமா இல்லையா? தீவனத்தைத் தீவனம் தின்கிற பிராணியின் வாய்க்கு நேரே கொண்டுவந்து வைத்தது ஆர்? வேலியில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையை வாசிக்காதது ஆர்? வழக்கில் நான் வென்றேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் கனவான் நேரே கார்லோவிடம் போனார்.

என்மீது அது மூன்றாவது முறைப்பாடு. கார்லோ என்னை மயில் கூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துச் சொன்னார்: இன்னும் ஒரேயொரு முறைப்பாடு வந்தால் மேபலின் கயிறு அவருடைய மருமகன் டீனோவின் கைக்குப் போகும், நான் ஐஸ்கிரீம் விற்கிற யன்னலுக்குப் போக வேண்டும். டீனோ கயிற்றைச் சுண்டி இழுக்கிறவன், கையில் எப்போதும் ஒரு தடி. மேபல் அவனைக் கண்டாலே காதை மடக்குவாள். ‘ஒரு பிராணிக்கு நீதி கேட்டது பிழையா?’ என்று தொடங்கினேன். கார்லோ கையை உயர்த்தினார். “உனக்குத் தர்க்கம் பண்ண வேணுமெண்டால் ஐஸ்கிரீமோடை பண்ணு. அது உருகும், ஆனால் முறைப்பாடு செய்யாது.”

றியாத் அங்கிள்

வாயைத் தைத்துக்கொண்ட முதல் ஞாயிறே சோதனை வந்தது. யூனியன்வில்லில் வீடு வாங்கியிருந்த ஒரு தமிழ் அங்கிளும் அன்ரியும் வந்தார்கள். அங்கிள் பத்து வருடம் சவுதியில், றியாத்தில் இருந்தவராம். வரிசையில் நின்றபடியே முன்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் ஒட்டக சாஸ்திரம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். “பிள்ளை, கயிறை உப்பிடிப் பிடிக்கக் கூடாது. தளர விடு. ஒட்டகம் எண்டால் அரசன் மாதிரி. பாலைவனத்திலை இருந்தவனுக்குத்தான் உது தெரியும்.”

மேபல் பெண் என்பதைக்கூட நான் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு கயிற்றைத் தளர விட்டேன். அங்கிள் முன்னால் வந்து நின்று, மேபலின் கண்ணைப் பார்த்து, அரபியில் அதிகாரமாக ஏதோ கட்டளையிட்டார். மேபல் நீண்ட கொட்டாவி ஒன்று விட்டு, வாயிலிருந்த பச்சைச் சாறு முழுவதையும் அவருடைய வெள்ளைச் சேட்டில் வடியவிட்டாள். அங்கிள் நாலடி பின்னால் பாய்ந்து குப்பைத் தொட்டியோடு முட்டினார்.

அன்ரி கைலேஞ்சியை எடுத்துத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினா. “உவர் றியாத்திலை பாங்கிலை கணக்கெழுதினவர், பிள்ளை. ஏசி வீட்டிலையிருந்து ஏசிக் காரிலை ஏசிக் கந்தோருக்குப் போய் வந்த மனிசன். ஒட்டகத்தைக் கிட்டக் காணுறது இண்டைக்குத்தான்.”

மரத்தில் ஏறினவர்

றெஸ்ரோரண்ட் குசினியில் வேலைசெய்யும் இரண்டு தமிழ்த் தம்பிமார் ஒரு விடுமுறை நாள் வந்தார்கள். அதில் புதிதாக வந்திறங்கிய ரூபனுக்கு ஊருக்கு அனுப்பப் படம் வேண்டும். கூட்டாளியிடம் கமெரா. ரூபன் படியேறி மேபலின் இரண்டு திமிலுக்கும் நடுவில் குந்தி, தலையைக் கோதி, கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்தான். கூட்டாளி கமெராவைக் கண்ணில் வைத்தான், பிறகு இறக்கினான்.

“டேய், ஒட்டகத்திலை இருக்கிற படத்தைக் கண்டால் அம்மா என்ன நினைப்பா? ஏஜென்சிக்காரன் கனடா எண்டு சொல்லிச் சவுதியிலை இறக்கிப்போட்டான் எண்டு ஒப்பாரி வைக்கப் போறா!”

ரூபனின் சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. ஒன்ராறியோவில் பிறந்த ஒட்டகம் என்று கடிதத்தில் எழுதலாமே என்றேன். “எழுதினால் அம்மா நம்புவாவோ அக்கா? கனடாவிலை ஒட்டகம் எண்டு நீங்கள் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டன்” என்றான். இறங்கச் சொன்னால் இறங்கவும் மனமில்லை, ரிக்கெற் எடுத்தாயிற்று. கடைசியில் முன் திமிலை என் குளிர்ச்சட்டையால் மூடினோம். கூட்டாளி புல்லில் மல்லாந்து படுத்து, மேபலின் ஓர் உரோமமும் விழாதபடி மேல்நோக்கி எடுத்தான். அடுத்த கிழமை கழுவின படத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். வானத்தில், மேப்பிள் இலைகளுக்கு நடுவில், ஒன்றிலும் இராமல் ரூபன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பரவாயில்லை அக்கா, மரத்திலை ஏறி இருக்கிறன் எண்டு எழுதிவிடுறன்.”

யூனியன்

யூலை மாதத்தில் காற்றே வியர்க்கிற ஒரு ஞாயிறு. ஒரு கம்பனியின் பிக்னிக் கூட்டம் பஸ்ஸில் வந்து இறங்கியது. தலைவர் ஆறடி மனிதர், கழுத்தில் விசில். வரிசை வேலிவரை நீண்டது. மேபல் காலையிலிருந்து நடந்தவள். இன்னும் பாதிக் குளிர்கால மயிர் உடம்பில் தொங்குகிறது. திடீரென்று முன்காலை மடித்தாள், பின்காலை மடித்தாள், மரநிழலில் இருந்துவிட்டாள்.

விசில்காரர் வந்தார். “எழுப்பு” என்றார். நான் வாளியில் தண்ணீர் வைத்தேன். “பாலைவனத்து மிருகத்துக்கு வெயில் என்ன செய்யும்? சோம்பல்! இரண்டு அடி போட்டால் எழும்பும்” என்றார். அந்தக் கணம் பார்த்து டீனோ தடியோடு வேலியைத் தாண்டி வருகிறான். பேசினால் கயிறு அவன் கைக்குப் போகும். பேசாவிட்டால் தடி மேபலின் முதுகுக்குப் போகும். நீங்களென்றால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் மேபலுக்கு முன்னால் போய் நின்றேன். “இரண்டு திமில் உள்ளது பனி விழுகிற பாலைவனத்துச் சாதி. இந்தப் புழுக்கம் அதுக்கு ஆகாது. அது கிடக்கட்டும். நீங்கள் கனடாக்காரர்தானே? குளிர் உங்களுக்கு என்ன செய்யும்? ஜனவரியிலை ஆக்களை முதுகிலை சுமந்துகொண்டு வெளியிலை வட்டமடிப்பியளோ?”

சனம் சிரித்தது. ஆள் அசரவில்லை. “நான் இருபது வருசம் ரெலிபோன் கம்பத்திலை ஏறினவன். ஜனவரியிலையும் ஏறினனான்!” என்று நெஞ்சில் தட்டினார். நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன்.

“இடைவேளை தந்தவையோ?” என்று கேட்டேன்.

“யூனியன் சண்டை பிடிச்சு வாங்கித் தந்தது.”

“மேபலுக்கு ஆர் யூனியன்?”

அவருடைய ஆட்களே முதலில் கைதட்டினார்கள். ஒருத்தர் விசிலடித்தார். பிறகு சனம் இரண்டாகப் பிரிந்து, ஐஸ்கிரீம் வாங்கி நக்கிக்கொண்டே தங்களுக்குள் வாதாடத் தொடங்கியது. விசில்காரர் முகம் சிவக்க நின்றார், தன் கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் தாழ்ந்த குரலில் கேட்டார்: “சரி, எவ்வளவு நேரம் இடைவேளை கேக்கிறாள்?” வெயில் சாயும்வரை என்று பேசி முடித்தோம். கையும் குலுக்கினோம். அவர் வாளியைத் தானே தூக்கிப்போய் நிரப்பி வந்தார்.

அப்போதுதான் வேலிக்குப் பக்கத்தில் கார்லோ கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கயிற்றை நானே கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. டீனோவைக் கூப்பிட்டு ஐஸ்கிரீம் யன்னலுக்கு ஓடச் சொன்னார், அங்கே ஆள் போதவில்லையாம். அவர் கயிற்றை வாங்காத காரணம் எனக்கு விளங்க ஒரு கிழமை பிடித்தது. அடுத்த ஞாயிறு பண்ணை வாசலில் என்னைக் கண்டதும், ரிக்கெற் விற்கிற டொறீன் யன்னலால் தலையை நீட்டினா:

“அந்தப் பெட்டை சண்டை பிடிக்கிறது எத்தினை மணிக்கு எண்டு சனம் கேக்குது. மூண்டு மணிக்கு எண்டு சொல்லி ரிக்கெற் வித்துப்போட்டன். போய் ஆரோடையாவது தொடங்கு.”

இப்படியாக, வாயைக் குறை என்று வீட்டிலும் வகுப்பிலும் கேட்டே வளர்ந்த எனக்கு, வாய்க்காகவே சம்பளம் தந்த முதல் உத்தியோகம் ஓர் ஒட்டகத்தின் மூக்குக்கு முன்னால்தான் கிடைத்தது.