பாதி ஊருக்கு ஒரே எண்

ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன்பின் லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் பரோட்டா மாஸ்டர். எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. மதுரைக்கு வந்தபோது, கொதிக்கும் எண்ணெய் பட்ட கை ஆறிக்கொண்டிருந்தது. ஆனையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல் வேலை கிடைத்தது. பகலில் போனில் புரோகிராமிங் வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கத்தான் முடிந்தது, எழுதிப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

கோச்சடையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. சான்றிதழ், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார்கள். நடத்தியவர் என்னைவிட வயதில் இளைய ஒரு பெண். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. காலையில் கடையைக் கூட்டித் தண்ணீர் பிடித்து வைக்கிறேன், அதில் உட்கார விடுங்கள் என்று கேட்டேன்.

"உக்காருங்கண்ணே. ஆனா பிளஸ் டூ ரிசல்ட்டு வந்தா கூட்டம் அள்ளும். அதுக்குள்ள நீங்க செய்யிறது எனக்கு ஒதவுனா சீட்டு ஒங்களுக்கு. இல்லைனா அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வச்சு, காசு குடுக்குற ஆளை உக்கார வச்சிருவேன்."

டேட்டாபேஸ் ஒன்றை அடியிலிருந்து நானே எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். விவரங்களை வாங்கி வைத்து, கேட்கும்போது சரியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். லாரி இன்ஜினைக்கூட நான் கழற்றிப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

"அதெல்லாம் சும்மாவே கெடைக்குதாம்ல. எடுத்துப் போட வேண்டியதுதானே?" என்றார் கடைக்காரர்.

"எடுத்துப் போட்டா அது வேலை பார்க்கும்மா. நான் என்னத்தக் கத்துக்கிறது?"

"சரித்தான். பரோட்டா திங்க கோதுமை வெதைக்கிற ஆளு."

முதலில் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டேன். ஒரே அம்மா மூன்று பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கேட்டால் அவர் முகவரி மூன்று தடவை ஏறியது. ஆகவே ஆட்களை ஓர் அட்டவணையிலும் விண்ணப்பங்களை இன்னொன்றிலும் பிரித்தேன். இந்த விண்ணப்பம் இன்னாருடையது என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டும். பெயர் ஆகாது, ஒரே பெயரும் ஒரே இனிஷியலுமாகத் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். போன் நம்பரை வைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசல்ட்டுக்கு முந்தின வாரம் கடையின் விவரங்களை அதில் ஏற்றினோம். மகளின் வருமானச் சான்று என்ன ஆயிற்று என்று ஒரு கொத்தனார் கேட்டு வந்தார். கடைக்காரப் பெண் அவருடைய விண்ணப்பத்திலிருந்த நம்பரை அடித்து, திரையில் வந்ததை அப்படியே வாசித்தார்.

"விதவைப் பென்சன், பரிசீலனையில இருக்கு."

"நான் எப்பம்மா தாலியறுத்தேன்?" என்றார் கொத்தனார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பார்த்தபோது விஷயம் தெரிந்தது. போன் இல்லாதவர்களுக்கும், போனை மகன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டவர்களுக்கும் விண்ணப்பத்தில் அந்தப் பெண் தன் சொந்த நம்பரையே போட்டுவந்திருக்கிறார். ஓ.டி.பி. எல்லாம் அவர் போனுக்குத்தான் வரும். அந்த நம்பரில் முதலில் ஏறியது ஒரு பாட்டியின் பென்சன் விண்ணப்பம். அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் என் புரோகிராமின் கணக்கில் அந்தப் பாட்டிதான்.

"போன் இல்லைனு திருப்பி அனுப்பவா முடியும்?" என்றார். பிறகு, "ரிசல்ட்டு அடுத்த வாரம்ணே" என்றார்.

வேறு ஊராக இருந்திருந்தால் அன்றைக்கே மாட்டுத்தாவணிக்குப் போய் ஏதாவது பஸ்ஸில் ஏறியிருப்பேன். ஆனால் அந்தத் தப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஓர் ஆளுக்கு ஒரு போன் என்று நான் எழுதியிருந்தேன். இங்கே ஒரு போனை நம்பிப் பல ஆட்கள் இருந்தார்கள். எந்த வீடியோவிலும் எனக்கு இது பிடிபட்டதில்லை. ஒவ்வொருவருக்கும் வெளியே எதற்கும் பயன்படாத ஒரு வெறும் எண்ணைப் புரோகிராமே கொடுக்கும்படி செய்தேன். போன் நம்பர்களைத் தனி அட்டவணைக்கு மாற்றினேன். பழைய விவரங்களைப் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுவதும் அவர் கடையை வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறந்தார். எனக்காகத்தான். 

ரிசல்ட் அன்று படிக்கட்டு வரை கூட்டம். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "என்கிட்ட போன் இல்லைக்கா" என்றார். "என் நம்பரையே போட்டுக்கிறேன்" என்று அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி இருந்தார் கடைக்காரர். நானும் பார்த்தேன். அந்த நம்பரின் கீழ் ஒரு நீண்ட பட்டியல் வந்தது. அதில் கடைசியாகக் குழந்தையோடு வந்தவரின் பெயர், அவருக்கென்று ஓர் எண்ணோடு நின்றது. பாட்டி பாட்டியாகவே இருந்தார்.

கடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவன் மூலைக்கு வந்து, "இந்த சிஸ்டத்துல பார்க்கலாமாக்கா? காசு குடுத்துர்றேன்" என்றான். நான் எழுந்துகொள்ளப் போனேன்.

"அங்கன ஆளு இருக்காகல்ல, தெரியல? வெளிய பெஞ்சுல உக்காரு, கூப்பிடுறேன்" என்றார், திரையிலிருந்து தலையைத் திருப்பாமல்.

நான் மறுபடி உட்கார்ந்தேன்.